ஹென்ட்ரிக்ஸ் ஆவணப்படங்கள்: லண்டனுக்கு முந்தைய நான்கு வருடங்கள் எங்கே போயின?

#1 ஆறாம்கம்பி

நேற்று இரவு பாப் ஸ்மீட்டன் இயக்கிய ‘வூடூ சைல்ட்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 2010இல் ‘வெஸ்ட் கோஸ்ட் சியாட்டில் பாய்’ என்ற இசைத்தட்டுத் தொகுப்போடு சேர்ந்து வந்த ஆவணப்படம். அமெரிக்க ராக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களையும் பேட்டிகளில் பேசியதையும் கோத்து, கதையை அவர் சொல்வதாகவே அமைத்திருக்கிறார்கள். குரல் கொடுத்திருப்பவர் பூட்ஸி காலின்ஸ். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பூட்ஸியும் இன்னொருவர் குழுவில் பின்னால் நின்று வாசித்து வந்தவர்தான். பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் பேஸ் கிட்டார் வாசித்தவர். முதலாளி அபராதம் போடும் மேடை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டிடம் வேலை பார்த்த ஹென்ட்ரிக்ஸின் வார்த்தைகளைப் படிக்க அந்தக் குரல் பொருத்தம்.

ஆனாலும் படம் முடிந்தபோது பழைய குறையே எஞ்சியது. ஹென்ட்ரிக்ஸ் ராணுவத்திலிருந்து வெளியே வந்தது 1962 ஜூன் கடைசியில். லண்டனில் விமானம் இறங்கியது 1966 செப்டம்பர் 24. நடுவில் நான்கு வருடங்களுக்கு மேல். எந்தப் படத்தை எடுத்தாலும் இந்தக் காலத்தை ‘கஷ்டப்பட்டார், யாருக்கும் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் இறங்கிய நாளிலிருந்து 1970 செப்டம்பர் 18இல் அவர் இறந்த நாள் வரை நான்கு வருடத்துக்கு ஆறு நாள் குறைவு. அவர் புகழோடு வாழ்ந்த காலம் அவ்வளவுதான். பிறருக்கு வாசித்த காலம் அதைவிடக் கொஞ்சம் நீளம். இசை வாழ்க்கையின் அந்தப் பாதிக்குச் சில நிமிடங்கள் போதும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அங்கேதான் அவர் கை உருவானது என்பது என் எண்ணம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 மழைக்கால_எல்பி

நியாயமான ஆதங்கம். ஆனால் படம் எடுப்பவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆவணப்படத்துக்குக் காட்சி வேண்டும். அந்த நான்கு வருடத்துக்குக் காட்சி எங்கே?

1965இல் நாஷ்வில் தொலைக்காட்சியில் ‘நைட் டிரெய்ன்’ என்று ஒரு நிகழ்ச்சி. பட்டி, ஸ்டேஸி என்ற இரண்டு பாடகர்கள் ‘ஷாட்கன்’ பாடுகிறார்கள். பின்னால் கோட்டு சூட்டு போட்ட குழு. அதில் ஒருவர் மட்டும் கிட்டாரை இடப்பக்கமாகப் பிடித்திருக்கிறார். அவர்தான். கேமரா அவரைத் தேடவில்லை, தற்செயலாக அவர்மேல் பட்டுப் பட்டு விலகுகிறது. அந்த வருடங்களில் அவர் அசைந்து வாசிப்பதைப் பார்க்க நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதுதான்.

இடமும் இல்லை. ராணுவத்துக்குப் பிறகு அவரும் ராணுவ நண்பர் பில்லி காக்ஸும் நாஷ்வில்லில் ஜெஃபர்சன் தெருவில் இருந்தார்கள். ‘கிங் கேஷுவல்ஸ்’ என்ற குழு வைத்து டெல் மொராக்கோ கிளப்பில் வாசித்தார்கள். கறுப்பினத்தவரின் கிளப்புகளும் கடைகளும் வரிசையாக இருந்த தெரு அது. 60களின் பிற்பகுதியில் 40ஆம் எண் நெடுஞ்சாலையை அந்தப் பகுதிக்குள் வெட்டிக்கொண்டு போனார்கள். தெருவின் உயிர் போய்விட்டது. கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே போய் என்னத்தைப் படம் பிடிப்பது?

#3 வடக்குமாடம்

> அந்த நான்கு வருடத்துக்குக் காட்சி எங்கே?

காட்சி இல்லையென்றால் ஆட்களைத் தேட வேண்டும். 1973இல் வந்த படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஜோ பாய்ட், ஜான் ஹெட், கேரி வைஸ் மூவரும் சேர்ந்து எடுத்தது. அவர் இறந்து ஏறக்குறைய மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நினைவுகள் பச்சையாக இருந்த நேரம்.

எரிக் கிளாப்டன், பீட் டவுன்ஷெண்ட், மிக் ஜாகர் என்று ராக் நட்சத்திரங்கள் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் அந்தப் படத்தைத் தாங்குவது அவர்கள் இல்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த நாட்களின் தோழி ஃபெய்ன் பிரிட்ஜன், அங்கேயே அவரோடு பழகிய இரட்டையர்களான ஆலன் சகோதரர்கள், அப்பா அல் ஹென்ட்ரிக்ஸ். இவர்கள் பேசும்போது ஒரு மனிதர் தெரிகிறார். பசியோடு ஹார்லெம்மில் சுற்றிய, கிட்டாரைத் தூங்கும்போதும் விடாத பையன். ஃபெய்ன் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுகிறார், நடுவில் சட்டென்று மௌனமாகிறார். அந்த மௌனத்தில் கிடைப்பதை எந்தப் பழைய காட்சித் துண்டும் தராது.

லிட்டில் ரிச்சர்ட் அதில் பேசுவதையும் பாருங்கள். மேடையில் தன்னைவிட யாரும் மின்னக்கூடாது என்று இருந்தவர், தன்னிடம் சம்பளம் வாங்கியவரைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகப் பேசுகிறார்.

#4 தாளக்கட்டு

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருபது வருடம் மேடைக்குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன். பாடகருக்குப் பின்னால் நிற்பவன் என்ன கற்றுக்கொள்கிறான் என்று எனக்குத் தெரியும். இடம் விடக் கற்றுக்கொள்கிறான். பாடுபவர் மூச்சு எடுக்கும் அரை நொடியில் இரண்டு சுரத்தைச் செருகிவிட்டு விலகிக்கொள்ளும் வித்தை அது. நீளமாக வாசித்தால் அடுத்த நாள் வேலை இருக்காது.

ஹென்ட்ரிக்ஸைப் பற்றிப் பேசும் எல்லாரும் சோலோவைத்தான் பேசுகிறார்கள். தீ வைத்தது, பல்லால் வாசித்தது, ஃபீட்பேக் சத்தம். என் காதுக்கு அவருடைய பெரிய சாதனை ரிதம்தான். ‘லிட்டில் விங்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். இடது பக்கம் வாசிப்பவர் என்பதால் வலது கை கம்பிகளின்மேல் இருக்கும். அந்தக் கையின் கட்டைவிரலை கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் கம்பியில் கீழ்ச்சுரத்தை அழுத்துகிறார். நான்கு விரல்களும் விடுதலை. அவற்றால் மேல் கம்பிகளில் சின்னச் சின்ன அலங்காரங்கள். கார்டும் மெட்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆளிடமிருந்து. லீடு, ரிதம் என்ற பிரிவே அங்கே இல்லை.

இது லண்டனில் முளைத்தது இல்லை. கர்டிஸ் மேஃபீல்ட் வழி அது. ‘வெஸ்ட் கோஸ்ட் சியாட்டில் பாய்’ தொகுப்பின் முதல் தட்டில் டான் கோவேயின் ‘மெர்சி மெர்சி’ இருக்கிறது, 1964 ரெக்கார்டிங். தொடக்கத்தில் வரும் கிட்டாரை மட்டும் கேட்டுவிட்டு உடனே ‘லிட்டில் விங்’ போடுங்கள். நடுவில் மூன்று வருடம். கை அதேதான்.

#5 புதுக்காது

நான் கிட்டார் கற்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. தவறாகக் கேட்டால் மன்னியுங்கள். கர்டிஸ் மேஃபீல்ட் யார்? அப்புறம் ஒரு படத்தில் ‘சிட்லின் சர்க்யூட்’ என்று அடிக்கடி சொன்னார்கள், அது என்ன இடம்?

#6 தாளக்கட்டு

தம்பி, இதில் மன்னிக்க என்ன இருக்கிறது.

கர்டிஸ் மேஃபீல்ட், சிகாகோவின் ‘இம்ப்ரெஷன்ஸ்’ குழுவின் பாடகர், பாடலாசிரியர், கிட்டார்காரர். யாரும் சொல்லித்தராமல் தானே கற்றவர். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஏற்றபடி கிட்டாருக்குச் சுருதி வைத்துக்கொண்டார், கடைசிவரை அப்படியே வாசித்தார். அவர் கிட்டார் அதட்டாது, பாட்டைத் தடவிக்கொண்டே போகும்.

சிட்லின் சர்க்யூட் ஒரு இடம் இல்லை. நிறவெறி சட்டமாக இருந்த அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்கள் பயமில்லாமல் மேடை ஏறக்கூடிய கிளப்புகள், அரங்குகள், சாலையோர விடுதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். சிட்லின் என்றால் பன்றிக் குடலைச் சமைத்து உண்ணும் உணவு. தெற்கு மாநிலங்களின் சிறு கிளப்புகள் முதல் நியூயார்க்கின் அப்போலோ அரங்கம் வரை அந்த வலையில் அடக்கம். ராத்திரி முழுக்கப் பேருந்தில் போய், மறுநாள் சாயங்காலம் வாசித்து, மறுபடியும் பேருந்து. அந்தக் கூட்டம் கைகட்டி உட்கார்ந்து கேட்கும் கூட்டம் இல்லை. ஆட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிவிடுவார்கள்.

பல்லால் வாசிப்பதும், கிட்டாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் அங்கே இருந்து வந்தவைதான். டி-போன் வாக்கர் 40களிலேயே தலைக்குப் பின்னால் வைத்து வாசித்தவர். இங்கிலாந்து ரசிகர்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த புதுமை மாதிரித் தெரிந்தது. தெற்கு கிளப்புகளில் அது கைதட்டல் வாங்கத் தெரிந்திருக்க வேண்டிய தொழில்.

#7 கடற்கரைச்சாலை

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். எனக்கும் அந்தப் பழைய ரெக்கார்டுகள் பிடிக்கும். ஆனால் நேர்மையாகக் கேட்டால், அவற்றில் இருப்பது நல்ல கிட்டார்காரர் ஒருவர். அந்தக் காலத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். நாஷ்வில்லில் ஜானி ஜோன்ஸோடு போட்டிக்கு நின்று ஹென்ட்ரிக்ஸ் தோற்றிருக்கிறார்.

லண்டன் அவருக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். சாஸ் சாண்ட்லர் ‘அனிமல்ஸ்’ குழுவின் பேஸ்காரர், அந்த வேலையை விட்டுவிட்டு இவரை நம்பி இறங்கினார். பணம் போதாமல் தன் பேஸ் கிட்டார்களை விற்றார். ‘நீயே பாட்டு எழுது’ என்று பிடித்து உட்கார வைத்தார். மார்ஷல் ஆம்ப் கிடைத்தது. ரோஜர் மேயர் என்ற இளைஞர் கிட்டார் சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தும் ‘ஆக்டேவியா’ கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார், ‘பர்ப்பிள் ஹேஸ்’ சோலோவில் கேட்பது அதுதான். மிட்ச் மிட்செல் என்ற டிரம்மர் கிடைத்தார். ஜாஸ் கையுள்ள அந்த மனிதர் இல்லாமல் முதல் தட்டை நினைத்துப் பார்க்க முடியுமா?

எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் நிற்கும் அனுமதி. அபராதம் போட யாரும் இல்லை. ஆவணப்படங்கள் லண்டனில் நின்று பேசுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வெடித்த இடம் அதுதான்.

#8 ஆறாம்கம்பி

> வெடித்த இடம் அதுதான்

மறுக்கவில்லை. சாண்ட்லர் இல்லாமல் அந்தப் பாடல்கள் வந்திருக்காது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெடிமருந்து எங்கே நிரப்பப்பட்டது என்று ஒரு படமாவது பொறுமையாகக் காட்டட்டும் என்கிறேன்.

தேதியைக் கவனியுங்கள். லண்டனில் இறங்கி ஒரு வாரம்தான். 1966 அக்டோபர் 1, ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் கிளாப்டனின் ‘க்ரீம்’ குழுவின் நிகழ்ச்சி. ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறி ‘கில்லிங் ஃப்ளோர்’ வாசித்தார். ஹவுலின் உல்ஃபின் பாட்டு, அதை இவர் பிடித்த வேகம் வேறு. கிளாப்டன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினார் என்பது எல்லாப் படத்திலும் வரும் கதை. அந்த ஒரு வாரத்தில் ரோஜர் மேயரும் இல்லை, மிட்செலும் இல்லை, மார்ஷலோடு கழித்த நாட்களும் இல்லை. அன்று மேடை ஏறியது நாஷ்வில்லும் ஹார்லெம்மும் செய்து அனுப்பிய கை.

பாடுவதற்கும் லண்டன்வரை அவர் காத்திருக்கவில்லை. 1965 ஆகஸ்டில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இப்போதெல்லாம் நன்றாகப் பாட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, தாளம் நன்றாக இருந்தால் போதும், அதனால் நானும் அந்த வழியில் போகப்போகிறேன் என்று. வீட்டுக்கு எழுதும் பிள்ளையின் கடிதம்தான். ஆனால் அதில் ஒரு முடிவு இருக்கிறது, சாண்ட்லரைப் பார்ப்பதற்கு ஒரு வருடம் முன்னால்.

#9 நீலத்தாள்

சாண்ட்லரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு லிண்டா கீத் பெயர் வராமல் இருப்பது சரியில்லை.

1966 மே மாதம் நியூயார்க்கின் ‘சீட்டா’ கிளப். பாதி காலியான கூடம். கர்டிஸ் நைட் என்ற பாடகருக்குப் பின்னால் ஹென்ட்ரிக்ஸ் வாசிக்கிறார். அங்கே வந்திருந்த லிண்டா கீத் அப்போது ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் காதலி, வயது இருபது. அவர் கவனித்தது பாடகரை இல்லை. அன்றே அழைத்துப் பேசினார். கிட்டார் இல்லாதபோது வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டமை அழைத்து வந்து காட்டினார், அவர் வேண்டாம் என்றுவிட்டார். ரெக்கார்டு நிறுவனக்காரர் சீமோர் ஸ்டைனை அழைத்து வந்தார், அதுவும் நடக்கவில்லை. மூன்றாவதாகத்தான் சாண்ட்லர். அவர் ‘கஃபே வா’ கிளப்புக்கு வந்த அன்று ஹென்ட்ரிக்ஸ் ‘ஹே ஜோ’ வாசித்தார். அந்தப் பாட்டை யாரையாவது வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே மனதில் வைத்திருந்தவர் சாண்ட்லர்.

இரண்டு பெரிய மனிதர்கள் கைவிரித்த பிறகும் மூன்றாவது ஆளைத் தேடிப் போன பெண் அவர். பல இடங்களில் இன்னும் ‘ரிச்சர்ட்ஸின் காதலி’ என்ற ஒரு வரியோடு கடந்துபோகிறார்கள். 2013இல் ஸ்மீட்டனே எடுத்த ‘ஹியர் மை ட்ரெய்ன் எ கமின்’ படத்தில் லிண்டா தானே உட்கார்ந்து பேசுகிறார். அதற்காகவே அந்தப் படத்தை முந்தையதைவிட உயர்வாக வைப்பேன்.

#10 மழைக்கால_எல்பி

இன்னொன்று உறுத்துகிறது. ‘வூடூ சைல்ட்’ முழுக்க அவர் வார்த்தைகள் என்பதைப் பலமாகச் சொன்னீர்கள். அதில் ஆபத்தும் இருக்கிறது.

பாராசூட்டில் குதித்தபோது கணுக்கால் உடைந்தது, அதனால் ராணுவத்திலிருந்து வந்தேன் என்று பேட்டிகளில் சொன்னவர் அவர். படை ஆவணங்களில் பதிவான காரணம் வேறு: சிப்பாய் வேலைக்குப் பொருந்தாதவர். கவனமெல்லாம் கிட்டாரில் இருக்கிறது என்று மேலதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் குரலிலேயே கதை போகும்போது குறுக்கே கேள்வி கேட்க ஆள் இல்லை. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் எந்த மகன் பட்டினியை முழுசாகச் சொல்வான்?

அதனால்தான் வடக்குமாடம் சொன்ன 1973 படத்தின் முறை எனக்கு மேலாகத் தெரிகிறது. பலர் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு உரசுகிறது. பார்ப்பவர் தானே எடை போடலாம்.

#11 வடக்குமாடம்

உரசல் என்றதும் நினைவுக்கு வந்தது. எந்தப் படமும் சரியாக விளக்காத ஒன்று, 1965 அக்டோபரில் எட் சால்பின் என்பவரின் பிபிஎக்ஸ் நிறுவனத்தோடு ஹென்ட்ரிக்ஸ் போட்ட ஒப்பந்தம். மூன்று வருடம். முன்பணம் ஒரு டாலர். ராயல்டி 1 சதவீதம். கையில் காசில்லாத பக்கவாத்தியக்காரர் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்கும் நிலையில் இல்லை.

லண்டனுக்குக் கிளம்பும் முன் சாண்ட்லர் பழைய ஒப்பந்தங்களைத் தேடி விலைக்கு வாங்கினார். இது மட்டும் கண்ணில் படவில்லை. ஹென்ட்ரிக்ஸுக்குப் பெயர் வந்ததும் வழக்கு வந்தது. கடைசியில் சமரசமாக ஒரு முழு இசைத்தட்டைக் கேபிடல் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1970இல் வந்த ‘பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்’ அதுதான். ‘மெஷின் கன்’ என்ற அந்தப் பெரும் வாசிப்பு நமக்குக் கிடைத்த வழி இது. ஹார்லெம் வருடங்கள் 1966இல் முடிந்துபோனதாகப் படம் காட்டுவது இந்த ஒரு காரணத்தாலேயே தவறு.

#12 புதுக்காது

தாளக்கட்டு அண்ணா சொன்னபடி ‘மெர்சி மெர்சி’யும் ‘லிட்டில் விங்’கும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலில் பிடிபடவில்லை. நான்காவது முறை கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. கார்டைப் பிடித்த கையை எடுக்காமலேயே சுண்டுவிரலால் ஒரு சுரத்தைத் தட்டி இழுக்கும் அந்தச் சின்ன அசைவு இரண்டிலும் இருக்கிறது. இன்று சாயங்காலம் முழுக்க அதையே பழகினேன். விரல் நுனி வலிக்கிறது, விட மனமில்லை.

#13 தாளக்கட்டு

மெட்ரோனோமை மெதுவாக வைத்துப் பழகு தம்பி. வேகம் பிறகு தானாக வரும். இன்னொன்று: ஐஸ்லி பிரதர்ஸ் குழுவில் இருந்தபோது ஹென்ட்ரிக்ஸ் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். பன்னிரண்டு வயதை ஒட்டிய, அந்தச் சகோதரர்களின் தம்பி எர்னி ஐஸ்லி, அவர் கூடத்தில் உட்கார்ந்து பழகுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். பின்னாளில் அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஆனவர் எர்னிதான். 1973இல் வந்த ‘தட் லேடி’ பாட்டின் சோலோவைக் கேட்டுப் பார். பார்த்துக்கொண்டிருந்த பையனின் கை எங்கே போயிற்று என்று தெரியும்.

#14 கடற்கரைச்சாலை

இழையைத் தொடங்கியவருக்கு: என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ‘அப்படிப் பலர் இருந்தார்கள்’ என்று எழுதியது சரிதான், ஆனால் அந்தப் பலரைப் பற்றியும் படம் பேசாததால்தான் எனக்கு அப்படி எழுத எளிதாக இருந்தது. ஜானி ஜோன்ஸ் வாசித்த ரெக்கார்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#15 ஆறாம்கம்பி

எல்லாருக்கும் நன்றி. நேற்றிலிருந்து வுட்ஸ்டாக் இசைவிழா மேடையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. உலகில் அவர் கூப்பிட்டால் வராத இசைக்கலைஞர் யாரும் இல்லாத நேரம். பேஸுக்கு அவர் கூப்பிட்டது பில்லி காக்ஸை. ராணுவ முகாமில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சன்னல் வழியாக ஒரு கிட்டார் சத்தத்தைக் கேட்டு, யார் என்று உள்ளே போய்ப் பார்த்த அதே பில்லி காக்ஸ். இரண்டாவது கிட்டாருக்குக் கூப்பிட்டது லாரி லீயை. அவரும் நாஷ்வில் நாட்களின் நண்பர், வியட்நாமிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அதாவது ஜெஃபர்சன் தெருவைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினார்.

அந்தக் காலையில் லாரி லீ முன்னால் வந்து ஒரு பாட்டுப் பாடினார். இம்ப்ரெஷன்ஸின் ‘ஜிப்ஸி உமன்’, கர்டிஸ் மேஃபீல்டின் பாட்டு. ஹென்ட்ரிக்ஸ் அவருக்குப் பின்னால் ரிதம் வாசித்தார். அதிகாரபூர்வமாக வெளிவந்த வுட்ஸ்டாக் இசைத்தட்டுகளில் அந்தப் பாட்டு இல்லை. மற்ற பாட்டுகளிலும் லாரி லீயின் கிட்டாரைக் காது கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டிலிருந்து தொடங்கும் ஒரு படத்தை யாராவது எடுக்க வேண்டும்.